நாலிலிருந்து ஆறு வரை

நாலு மணிக்குக் கரும்பலகையில் எழுதுகிறேன்:
சிப்பி பாதி விலை.
வெண்ணெயில் நண்டுக்கால்.
பொரித்த வெள்ளரி ஊறுகாய்.
இறால், ஆறு உருப்படி, பன்னிரண்டு டாலர்.
சாக்பீஸ் வழுக்குகிறது.
பிலாக்சியில் எல்லாமே ஈரம்.
உப்புக் குப்பிக்குள் அரிசி போட்டும்
உப்பு கட்டிப்போகிறது,
அரிசியும் சேர்ந்து.

முதலில் சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடும் பெண்கள்.
வேலைக்குப் போகுமுன் அரை பீர் என்பார்கள்.
இதுவரை யாரும் அரையோடு எழுந்ததில்லை.
ஒருத்திக்கு மட்டும் வோட்கா ஊற்றிய தக்காளிச்சாறு;
அதில் காடியில் ஊறிய வெண்டைக்காய் ஒன்றைச்
செங்குத்தாகச் செருகவேண்டும்.
சாய்ந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள்.

கடைசி மூலையில் லுவோங் சிப்பி திறக்கிறான்.
மூட்டில் கத்திமுனை, மணிக்கட்டில் ஒரு திருப்பு,
அவ்வளவுதான்.
ஒரு நாளைக்கு அறுநூறு.
அவன் ஒன்றைக்கூட வாயில் வைத்ததில்லை.
'சளி' என்பான்
அவன் பாஷையில், சிரித்த முகத்தோடு,
தட்டை நீட்டியபடி.

ஐந்தேகாலுக்கு ஆம்ப்ரோஸ் நெக்கேஸ் வந்தார்.
வெள்ளை ரப்பர் பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டு
காலுறையோடு நடந்துவந்து
டிவிக்கு நேர் கீழே உட்கார்ந்தார்.
அங்கேதான் டிவி தெரியாது.
பன்னிரண்டு வருஷமாக அவருக்கு
ஒரு பீர், ஒரு தட்டு ஊறுகாய்.
இறால் பிடிக்கிறவன் காசு கொடுத்து இறால் தின்பானா
என்று அவரே கேட்டிருக்கிறார்.

இன்றைக்கு, 'ஆறு இறால்' என்றார்.

நான் காதில் விழாதமாதிரி நின்றேன்.
'ஆறு. அந்தச் சிவப்புக் குழம்போட.'

ஐஸ் நிரப்பிய கண்ணாடிக் கிண்ணம்,
விளிம்பில் ஆறும் வாலைத் தொங்கவிட்டு
நீச்சல்குளத்து ஓரத்தில் உட்கார்ந்த பிள்ளைகள்போல.
அவர் ஒன்றை எடுத்தார்.
குழம்பைத் தொடவில்லை.
வெகுநேரம் மென்றார்.
நான் துடைத்த கிளாஸையே துடைத்தேன்.

'எந்த ஊரு இது?'

உறைபெட்டியில் இருக்கிற அட்டைப்பெட்டிமேல்
எங்கேயோ ஒரு குளத்தின் பெயர்
பொடி எழுத்தில்.
யாராவது கேட்டால் வளைகுடா என்று சொல்,
உலகத்தில் எத்தனையோ வளைகுடா,
பொய் இல்லை,
என்று முதலாளி செக்குலிச் சொல்லிவைத்திருக்கிறார்.

'வளைகுடா' என்றேன்.

ஆம்ப்ரோஸ் என்னைப் பார்த்தார்.
கண்ணாடி வழியே தெரிகிற படகுத்துறையைப் பார்த்தார்.
அங்கே அவர் படகு, அதற்கப்பால் லுவோங்கின் அண்ணன் படகு
'விற்பனைக்கு' அட்டையோடு.
இரண்டாவது இறாலை எடுத்தார்.
மூன்றாவதுக்குக் குழம்பு தொட்டார்.

பக்கத்து மேஜையில் அயோவாக் குடும்பம்.
தகப்பன் எட்டிப் பார்த்துக் கேட்டான்:
'ஐயா, இங்கே இறால் எப்படி?'

கத்தியைச் செருகிய லுவோங் திருப்பவில்லை.
வெண்டைக்காய்க்காரி கிளாஸைக் கீழே வைத்தாள்.
ஆம்ப்ரோஸ் வாயைத் துடைத்துக்கொண்டார்.

'நல்லாத்தான் இருக்கு' என்றார்.
கொஞ்சம் கழித்து,
எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி:
'அதுதான் எரிச்சல்.'

அயோவாக்காரன் இரண்டு கிண்ணம் கேட்டான்.

காலையில் துறையில் ஒரு பவுண்டுக்கு
ஒரு டாலர் பத்து சென்ட் என்று எடுத்தார்களாம்.
டீசல் தனி, ஐஸ் தனி.
இதை அவர் சொல்லவில்லை,
மத்தியானம் பீர் இறக்க வந்தவன் சொன்னான்.
அவர் ஒற்றை டாலர் தாள்களாகப்
பன்னிரண்டை மரப்பலகைமேல் அடுக்கி,
ஈரத்தில் ஒட்டியதைப் பிரித்து, மறுபடி எண்ணி,
'பதினோரு பவுண்டு' என்றார்.

பீருக்குக் காசு வைக்க மறந்துவிட்டார்.
நான் கேட்கவில்லை.

வாசலில் பூட்ஸை மாட்ட
ஒரு கை தூணில், ஒரு கால் காற்றில்,
நெடுநேரம் ஆடிக்கொண்டிருந்தார்.

ஆறு மணி.
ஈரத்துணியால் 'பாதி'யை அழித்தேன்.
லுவோங் கத்தியைத் திருப்பினான்.
அதே சிப்பி, அதே ஐஸ்,
முழு விலைக்குத் திறந்தது.